சை கிராண்டின் வழித்தடத்தில்: லிங்கனிலிருந்து லுக்கன்வால்டெ வரை

செவ்வாய், லிங்கன்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமொன்றில் நேவிகேட்டராக, அதாவது வழி கணித்துச் சொல்பவராக, இருந்த ஓர் இளைஞரின் தடத்தைத் தேடி வந்திருக்கிறேன். பெயர் சை கிராண்ட். 1919 நவம்பர் 8 அன்று, அப்போது பிரிட்டிஷ் கயானாவாக இருந்த நாட்டில், பெட்டர்வெர்வாக்டிங் என்ற கிராமத்தில் பிறந்தவர். தந்தை மொராவியத் திருச்சபையின் போதகர். தாய் இசை ஆசிரியை. சட்டம் படிக்க வேண்டும் என்பது சையின் ஆசை. கடல் கடந்து போய்ப் படிக்க வீட்டில் வசதி இல்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் மாஜிஸ்திரேட் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. 1941-ல் ராயல் விமானப் படை கரீபியன் பகுதியில் ஆள் எடுத்தபோது அவரும் சேர்ந்தார். அப்போது வயது 21.

போருக்கு முன்பு அந்தப் படையில் கறுப்பினத்தவர் அதிகாரியாக முடியாது. 1939 அக்டோபரில் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். விமானிகள் கொத்துக் கொத்தாக விழத் தொடங்கிய பிறகுதான் கரீபியன் இளைஞர்களுக்கு உண்மையிலேயே கதவு திறந்தது. அப்படி விமானக் குழுக்களில் பறக்கச் சேர்ந்தவர்கள் சுமார் 500 பேர். சை முதலில் விமானி பயிற்சியில் இருந்தார். பிறகு நேவிகேட்டர் பயிற்சிக்கு மாற்றப்பட்டு, அதிகாரியாகத் தேறினார்.

லிங்கன் ஊருக்குத் தெற்கே கேன்விக் குன்றில் குண்டுவீச்சுப் படைக்கான நினைவு மையம் இருக்கிறது. துருவேறிய நிறத்தில் ஒரு எஃகுத் தூண் வானத்தை நோக்கி நிற்கிறது. உயரம் 31.09 மீட்டர். லான்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை அதே அளவுதான். தூணைச் சுற்றி வளைந்து வளைந்து நிற்கும் எஃகுச் சுவர்களில் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். சுமார் 58,000 பெயர்கள். எழுத்து வடிவிலேயே உலோகத்தைத் துளைத்திருப்பதால் ஒவ்வொரு பெயரின் வழியாகவும் பின்னாலிருக்கும் புல் தெரிகிறது.

அந்தப் படையில் பறந்தவர்கள் ஏறக்குறைய 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573 பேர். நூற்றுக்கு நாற்பத்து நான்கு. பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பிள்ளைகள். சை உயிர் பிழைத்தவர் என்பதால் இந்தச் சுவரில் அவர் இல்லை. அவருடைய ஏழு பேர் குழுவில் திரும்பாத இருவர் உண்டு.

மையத்தின் உள்ளே குண்டு போட்டவர்களின் குரலோடு, குண்டுக்குக் கீழே இருந்த ஜெர்மானியர்களின் குரலையும் பதிந்து வைத்திருக்கிறார்கள். அது எனக்கு மிகச் சரியாகப் பட்டது.

மையத்தைச் சுற்றியபோது நம் ஊர்த் தொடர்பு ஒன்று நினைவுக்கு வந்தது. குண்டுவீச்சுப் படையின் 35-வது படைப்பிரிவுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பெயர். சென்னை மாகாணத்தில் திரட்டிக் கொடுத்த போர் நிதிக்காகச் சூட்டிய பெயர் அது. ராஜதானியில் யார் யாரோ கொடுத்த ரூபாயும் அணாவும் ஹாலிஃபாக்ஸ் விமானங்களாகி ஜெர்மனி மீது பறந்திருக்கின்றன. நம் பள்ளிப் பாடங்களில் இதைப் பற்றி ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

மாலையில் லிங்கன் பேராலயம். இந்த வட்டாரம் பெரும்பாலும் சமவெளி. பேராலயம் குன்றின் மேல் நிற்கிறது. போரில் தளம் திரும்பிய விமானங்களுக்கு அந்தக் கோபுரம்தான் அடையாளம். உள்ளே விமானப் படையினருக்கென்று இருக்கும் சிறு வழிபாட்டு அறையில் இறந்தவர் பெயரேடுகளை வைத்திருக்கிறார்கள்.

புதன், ஈஸ்ட் கிர்க்பி

இன்று லான்காஸ்டர் விமானத்துக்குள் ஏறினேன். மொத்தம் 7,377 கட்டினார்கள்; இன்று பறக்கும் நிலையில் இருப்பவை இரண்டே. ஒன்று இங்கிலாந்தில், மற்றது கனடாவில். ஈஸ்ட் கிர்க்பியில் இருப்பது தரையில் மட்டும் ஓடும், 'ஜஸ்ட் ஜேன்' என்று பெயர். இதை வாங்கிக் காப்பாற்றியவர்கள் பான்டன் என்ற விவசாயக் குடும்பத்துச் சகோதரர்கள். 1944 மார்ச் 30 இரவு நியூரம்பர்க் தாக்குதலுக்குப் போன அவர்களுடைய அண்ணன் கிறிஸ்டோபர் திரும்பவில்லை. அண்ணன் நினைவாகத்தான் இந்த மியூசியம்.

பின்பக்கக் கதவு வழியாக ஏணியில் ஏறி, குனிந்தபடி முன்னோக்கி நகர வேண்டும். வெளியே அவ்வளவு பெரிதாகத் தெரியும் விமானத்துக்குள் நிமிர்ந்து நிற்க இடம் கிடையாது. நடுவில் இறக்கையின் பிரதான உத்தரம் இடுப்பளவுக்குக் குறுக்கே கிடக்கிறது. அதன் மேல் வயிற்றைச் சாய்த்துத் தவழ்ந்து மறுபக்கம் இறங்கினேன். வெளிச்சத்தில், தரையில் நிற்கும்போதே இந்தப் பாடு. தீப்பிடித்து, தலைகீழாகச் சரியும் விமானத்தில், கனத்த உடைகளோடு, இருட்டில் இதைத் தாண்டியவர்களை நினைத்தேன்.

உத்தரத்தைத் தாண்டியதும் வயர்லெஸ்காரரின் இடம். அதை அடுத்து, விமானிக்குப் பின்னால், இடப்பக்கச் சுவரைப் பார்த்தபடி நேவிகேட்டரின் மேசை. மேசை என்றால் ஒரு பலகை. வரைபடத்தை விரித்தால் அதோடு சரி. எதிரே வேகமானி, உயரமானி, பக்கத்தில் இருக்கும் இடத்தைக் காட்டும் 'ஜீ' கருவியின் பச்சைத் திரை. மேலே வளைந்த கம்பியில் ஒரு சிறு விளக்கு. சுற்றிலும் கறுப்புத் திரைச்சீலை. விளக்கொளி கசிந்தால் எதிரி வேட்டை விமானங்களுக்குத் தெரிந்துவிடும், விமானியின் கண்ணும் இருட்டுப் பழக்கத்தை இழந்துவிடும்.

அந்தத் திரைக்குள் ஆறு, ஏழு மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போடுவதுதான் நேவிகேட்டரின் வேலை. வழிகாட்டிய முதியவர் தன்னார்வலர். பென்சிலும் தாளும் எடுத்து எனக்குப் போட்டே காட்டினார். "ஆறு நிமிடம் என்பது ஒரு மணியில் பத்தில் ஒரு பங்கு. அதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எளிது" என்றார். மணிக்கு 350 கிலோமீட்டர் வேகமென்றால் ஆறு நிமிடத்தில் 35 கிலோமீட்டர். பக்கவாட்டில் மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று அடிக்கிறது, நேவிகேட்டருக்கு அது தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆறு நிமிடத்தில் விமானம் பாதையிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் விலகியிருக்கும். அரை மணியில் நாற்பது. நூற்றுக்கணக்கான விமானங்கள் ஒரே ஓடையாகப் போகும் இரவில், கூட்டத்தை விட்டு விலகிய ஒற்றை விமானம் எதிரி ரேடாரில் தனியாகத் தெரியும்.

ஆகவே கணக்கு நிற்கக் கூடாது. கிளம்பும் முன் வானிலைக்காரர்கள் சொன்ன காற்று ஒன்று. மேலே போனால் அடிக்கும் காற்று வேறு. எங்கே இருக்கிறோம் என்று ஒரு புள்ளி, எங்கே இருந்திருக்க வேண்டும் என்று இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் இடையே உள்ள விலகலிலிருந்து காற்றைக் கண்டுபிடித்து, விமானிக்குப் புதிய திசையைச் சொல்ல வேண்டும். 1942 மார்ச்சில் புழக்கத்துக்கு வந்த ஜீ கருவி, இங்கிலாந்து வானொலி நிலையங்களின் துடிப்புகளைப் பிடித்து இடத்தைக் காட்டும். ஐரோப்பியக் கரையைத் தாண்டியதும் ஜெர்மானியர்களின் இடையூறு அலைகளில் திரை குழம்பிவிடும். பிறகு பென்சில், கடிகாரம், நட்சத்திரம். கையுறையோடு எழுத முடியாது என்பதால் மெல்லிய பட்டு உறை மட்டும் போட்டுக்கொண்டு அந்தக் குளிரில் கோடு போடுவார்கள்.

இலக்கின் மேல் போனாலும் திரையை விலக்கிப் பார்க்காத நேவிகேட்டர்கள் உண்டு என்றார் முதியவர். கீழே எரிவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கணக்குப் போடக் கை வராதாம்.

விமானி, பொறியாளர், நேவிகேட்டர், குண்டு வீசுபவர், வயர்லெஸ்காரர், துப்பாக்கிக்காரர் இருவர் என ஏழு பேர். ஏழு பேரும் வீடு திரும்புவது அந்தப் பலகையில் விழும் கோட்டைப் பொறுத்தது. சை கிராண்டைப் பற்றி எழுதும் பலரும் அவரது நிறத்தோடு நின்றுவிடுகிறார்கள். அவர் செய்த வேலை எப்பேர்ப்பட்டது என்பதை இந்த மேசைக்கு முன் உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன். அந்தத் திறமைக்காகவும் அவரை நினைவுகூர வேண்டும்.

வியாழன், எல்ஷம் வோல்ட்ஸ்

லிங்கனிலிருந்து பார்னட்பி வரை ரயில், அங்கிருந்து டாக்சி. வடக்கு லிங்கன்ஷயரின் சுண்ணாம்புக் குன்றுகள் மேல் பரந்த மேட்டு நிலம். சை பறந்த 103-வது படைப்பிரிவின் தளம் இங்கேதான் இருந்தது. இப்போது ஒரு பக்கம் தொழிற்பேட்டை, ஒரு பக்கம் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். ஓடுபாதையின் மேல் நெடுஞ்சாலை போகிறது. சுத்திகரிப்பு நிலைய வளாகத்தில் சிறிய நினைவுத் தோட்டம் இருக்கிறது. காற்று நிற்கவே இல்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

ஒரு சுற்றுப் பணி என்பது முப்பது தாக்குதல்கள். முப்பதையும் முடித்தவருக்குச் சில மாத ஓய்வு. கனடாக்காரர் ஒருவர் ஓட்டிய லான்காஸ்டரில் சை நேவிகேட்டர். 1943 ஜூன் 25 இரவு இங்கிருந்து கிளம்பினார்கள். இலக்கு ரூர் பள்ளத்தாக்கிலுள்ள கெல்சன்கிர்ஷன். சைக்கு அது மூன்றாவது தாக்குதல்.

சனி, நியூ-வென்னெப்

ஹாரிச்சில் ஏறிய இரவுக் கப்பல் காலையில் ஹாலந்து முனையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து ரயில்களில், நியூ-வென்னெப் இருக்கும் ஹார்லெமர்மேர். முன்பு இது ஒரு பெரிய ஏரி. 1849-லிருந்து 1852 வரை மூன்று நீராவி நிலையங்கள் இரவு பகலாக இறைத்துத் தள்ளியதில் உண்டான நிலம். கடல் மட்டத்துக்குக் கீழே நான்கு, ஐந்து மீட்டர். ஸ்கிபோல் விமான நிலையமும் இந்த ஏரிப்படுகையில்தான் இருக்கிறது. கோடு பிடித்தாற்போல் வாய்க்கால்கள், நீள்சதுர வயல்கள், பனிமூட்டத்துக்குள் இருந்து இறங்கிவரும் விமானங்கள்.

1943 ஜூன் 25 இரவு தாக்குதலுக்குப் போனவற்றில் 30 விமானங்கள் திரும்பவில்லை. குண்டுகளைப் போட்டுவிட்டு வீடு நோக்கித் திரும்பும் வழியில், ஹாலந்து வானில், இரவு வேட்டை விமானமொன்று சையின் லான்காஸ்டரைப் பிடித்தது. தீப்பற்றியது. ஐந்து பேர் பாராசூட்டில் உயிரோடு தரை தொட்டார்கள். இந்த வயல்களில் ஒன்றில்தான் சை விழுந்தார். ஒரு விவசாயக் குடும்பம் அவரை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டது. ஆனால் 1943-ன் ஹாலந்தில் கறுப்பு நிறத்தவர் ஒருவர் எங்கே ஒளிந்துகொள்வது? மற்ற விமானக்காரர்கள் விவசாயி உடையை மாட்டிக்கொண்டு தலைமறைவாக எல்லை கடக்க முயலலாம். அந்த வழி அவருக்கு இல்லை. உள்ளூர்ப் போலீஸ்காரர் மூலம் ஜெர்மானியர் கைக்குப் போனார்.

விமானம் எரிந்து விழுந்ததை இந்த ஊர்ச் சிறுவன் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். வயது பதினொன்று. வளர்ந்து முதியவரான பிறகும் அந்த இரவு அவரை விடவில்லை. யார் அந்த ஏழு பேர், என்ன ஆனார்கள் என்று ஆவணங்களைத் தேடி, கடிதம் எழுதி, கடைசியில் சை கிராண்டையே கண்டுபிடித்துவிட்டார்.

பிற்பகல் ஆல்ஸ்மேர் அருகே பழைய கோட்டையொன்றில் இருக்கும் வான்போர் மியூசியத்துக்குப் போனேன். இந்த ஏரிப்படுகையின் களிமண்ணிலிருந்து தோண்டியெடுத்த விமான இன்ஜின்கள் தரையில் வரிசையாகக் கிடக்கின்றன. ஈரமண் உலோகத்தை அப்படியே காப்பாற்றியிருக்கிறது. ஓர் இறக்கைச் சுழலியின் இதழ் வளைந்து சுருண்டிருந்தது. மண்ணில் குத்தும்போது அது சுற்றிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

ஞாயிறு, கெல்சன்கிர்ஷன்

சை கைதியாக இருந்த முகாமைப் பார்க்க நேரே போலந்துக்குப் போயிருக்கலாம். இங்கே இறங்காமல் போக மனம் வரவில்லை. சை போட்ட கோடு வந்து முடிந்த ஊர் இது.

நிலக்கரி, எஃகு, செயற்கைப் பெட்ரோல் ஆகிய மூன்றுக்காகவும் ரூர் பள்ளத்தாக்கை 1943 மார்ச்சிலிருந்து ஜூலை வரை பிரிட்டிஷார் விடாமல் தாக்கினார்கள். வீடுகளும் எரிந்தன, தொழிலாளர் குடியிருப்புகளை அழிப்பதும் திட்டத்தின் பகுதியே. ஊர் இன்று அமைதியாக இருக்கிறது. போருக்குப் பிந்தைய சாதாரணக் கட்டடங்கள், மூடிய சுரங்கம் இருந்த இடத்தில் பூங்கா, எங்கும் ஷால்கே கால்பந்துக் கழகத்தின் நீலக் கொடிகள்.

ஹோர்ஸ்ட் பகுதிக் கல்லறையில் ஒரு நினைவிடம். அது சை வந்த இரவைப் பற்றியது அல்ல. ஓர் ஆண்டு கழித்து நடந்தது. கெல்சன்பெர்க் எண்ணெய் ஆலையில் இடிபாடுகளை அகற்ற ஹங்கேரியிலிருந்து சுமார் 2,000 யூதப் பெண்களைக் கொண்டுவந்து அடைத்திருந்தார்கள் நாஜிகள். 1944 செப்டம்பர் 11 அன்று நேச நாட்டு விமானங்கள் ஆலையைத் தாக்கியபோது அந்தப் பெண்களைப் பதுங்குகுழிக்குள் விடவில்லை. குறைந்தது 150 பேர் இறந்தார்கள். யாரை விடுவிக்க இந்தப் போரோ, அவர்களே அந்தக் குண்டுகளுக்கு இரையானார்கள். அடைத்துவைத்தவர்கள் மீதே முதல் குற்றம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் லிங்கனில் படித்த பெயர்களோடு இவர்களையும் சேர்த்து நினைக்காமல் இந்தப் பயணத்தை எழுத எனக்கு உரிமை இல்லை.

செவ்வாய், ஜாகன்

போலந்தின் மேற்கு ஓரத்தில் ஒரு சிற்றூர். அன்று ஜெர்மனிக்குள், சாகன் என்ற பெயரோடு இருந்தது. ஊருக்கு வெளியே பைன் காடு. அதற்குள்தான் பிடிபட்ட விமானப் படையினருக்கான மூன்றாம் எண் முகாம்.

காட்டுத் தரையைக் காலால் கொஞ்சம் கீறிப் பார்த்தேன். மேலே சாம்பல் நிறப் புழுதி. இரண்டு விரல் ஆழத்தில் பளிச்சென்று மஞ்சள் மணல். சுரங்கம் தோண்டினால் மணல் நிறமே காட்டிக்கொடுக்கட்டும் என்றுதான் ஜெர்மானியர்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படியும் கைதிகள் தோண்டினார்கள். 1944 மார்ச் 24 இரவு 'ஹாரி' என்ற சுரங்கம் வழியாக 76 பேர் வெளியேறினார்கள். 73 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் 50 பேரை ஹிட்லரின் உத்தரவின் பேரில் சுட்டுக் கொன்றார்கள். சுரங்கம் போன பாதையைக் கற்களால் குறித்திருக்கிறார்கள். நடந்து பார்த்தால் அது முடியும் இடம் காட்டின் விளிம்புக்குச் சற்று முன்னால். மரங்களுக்குள் எட்டியிருக்க வேண்டியது.

சையும் இந்த முகாமின் கைதி. அவரைப் பிடித்த சில வாரங்களில், 1943 ஜூலையில், ஒரு ஜெர்மன் செய்தித்தாள் அவரது படத்தை வெளியிட்டது. 'இனம் இன்னதென்று தெரியாத ஒரு ராயல் விமானப் படை வீரர்' என்பது படத்தின் கீழ் இருந்த வாசகம். பிரிட்டனுக்கு ஆள் பஞ்சம் வந்துவிட்டது என்று வாசகர்களுக்குக் காட்டுவதற்காகப் போட்ட படம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வயது 23, படித்தவர், அதிகாரி, வானத்தில் வழி கண்டுபிடிக்கத் தெரிந்தவர். அவர்களுக்குத் தெரியவேண்டியிருந்தது இனம் மட்டும். அந்த வாசகம் அவருக்குள் அறுபது ஆண்டுகள் இருந்தது. முதிய வயதில் தம் போர்க்கால நினைவுகளை எழுதியபோது அதையே நூலின் தலைப்பாக வைத்தார்.

மியூசியத்தில் மரக் குடிசை ஒன்றை மாதிரிக்குக் கட்டியிருக்கிறார்கள். அடுக்குக் கட்டில்கள், நடுவில் ஓர் அடுப்பு, கைதிகளின் உணவுப் பொதியில் வந்த பால்பவுடர் டின்களை வெட்டிச் செய்த பாத்திரங்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இப்படிப்பட்ட அறைகளில் கழித்தார். முகாமில் படிக்கவும் விவாதிக்கவும் நேரம் நிறைய இருந்தது.

புதன், லுக்கன்வால்டெ

1945 ஜனவரி 27 இரவு, சோவியத் படை நெருங்கிவர, சாகன் முகாமிலிருந்த கைதிகளைப் பனியில் நடத்தி மேற்கே கொண்டுபோனார்கள். சை அந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்த இடம் பெர்லினுக்குத் தெற்கே இருக்கும் இந்த ஊர். ஏப்ரல் 22 அன்று சோவியத் வீரர்கள் முகாமைத் திறந்தார்கள். இன்று பார்க்க அதிகம் இல்லை. மழையில் கைதிகள் கல்லறை வரை நடந்துவிட்டு அடுத்த ரயிலில் பெர்லின் திரும்பினேன்.

வெள்ளி, லண்டன்

போருக்குப் பிந்தைய சையைப் பார்க்க லண்டன் வந்தேன். சட்டம் படிக்கும் பழைய ஆசையை நிறைவேற்றிக்கொண்டார். 1950-ல் லண்டனின் வழக்கறிஞர் சங்கங்களில் ஒன்றான மிடில் டெம்பிளில் வழக்கறிஞராகப் பதிவானார். இன்று அந்த வளாகத்தின் முற்றங்களில் ஒரு மணி நேரம் சுற்றினேன். ஒவ்வொரு வாசலிலும் உள்ளே தொழில் செய்யும் வழக்கறிஞர்களின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு வாசலில் இடம் கிடைத்தால்தான் தொழில் நடத்த முடியும். சைக்குக் கிடைக்கவில்லை. ஏழு உயிரை அவர் கணக்கை நம்பி இருட்டில் அனுப்பிய நாடு, பகல் வெளிச்சத்தில் ஒரு வழக்குக் கட்டை நம்பிக் கொடுக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அவர் நாடகத்துக்குப் போனார். 1951-ல் நடிகர் லாரன்ஸ் ஒலிவியேயின் குழுவில் நடித்தார். 1957-ல் பிபிசியின் 'டுநைட்' நிகழ்ச்சியில் கிட்டாரோடு உட்கார்ந்து அன்றன்றைய செய்தியைக் கலிப்சோ என்ற கரீபியன் பாணிப் பாட்டாகப் பாடினார். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தொடர்ந்து முகம் காட்டிய முதல் கறுப்பினத்தவர் என்ற இடம் அப்படித்தான் வந்தது. புகழ் உச்சத்தில் இருக்கும்போதே, பாட்டுக்காரர் என்ற சிமிழுக்குள் தம்மை அடைத்துவிடுவார்கள் என்று விலகிக்கொண்டார். 1967-ல் 'கேப்டன் ஸ்கார்லெட்' பொம்மைத் தொடரில் லெப்டினன்ட் கிரீனுக்குக் குரல் கொடுத்தார். 1974-ல் கறுப்பினக் கலைஞர்களுக்காக 'டிரம்' கலை மையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

கிரீன் பார்க்கில் குண்டுவீச்சுப் படைக்கு 2012 ஜூன் 28 அன்று அரசி எலிசபெத் திறந்துவைத்த நினைவுச் சின்னம் இருக்கிறது. ஏழு வெண்கல உருவங்கள், ஒரு விமானத்தின் குழு. களைத்த முகங்கள், கனத்த காலணிகள். சை 2010 பிப்ரவரி 13 அன்று, தொண்ணூறாவது வயதில் காலமாகிவிட்டார், இதைப் பார்க்கவில்லை.

ஆனால் தம்மோடு பறந்த கரீபியன் இளைஞர்களுக்காக அவரே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பிவிட்டுத்தான் போனார். நியூ-வென்னெப்பில் அன்று சிறுவனாக இருந்தவரோடும் அவருடைய மகனோடும் சேர்ந்து, அந்தக் கரீபியன் இளைஞர்களின் பெயர், ஊர், படைப்பிரிவு, முடிவு எல்லாவற்றையும் இணையத்தில் தொகுக்கத் தொடங்கினார். ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ், கயானா என்று ஊர் ஊராகப் பெயர்கள் சேர்ந்தன. இன்றிரவு விடுதி அறையில் உட்கார்ந்து அந்தப் பட்டியலில் நேவிகேட்டர்களை மட்டும் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.